நாலு வேளைக் கணக்கு

பயப்படாதீங்க அக்கா. உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வராது. முதல் நாள் நானும் இதே பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்தி அதில் கரண்ட் விடுகிறார்கள் என்றால் ஆள் கத்துவான் என்றுதானே நினைப்போம். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராததுதான் எனக்கு இன்னும் பயமாகப் போய்விட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளேயிருந்து இவர், "உசுரோடதான் இருக்கறேன், போய் உக்காரு" என்றார். நர்ஸம்மா சிரித்தது வெளியே கேட்டது.

உங்க வீட்டுக்காரருக்கு எதனால், முதுகா, சர்க்கரையா? சர்க்கரையா. சர்க்கரையிலும் மூத்திரப்பைக்குப் போகிற நரம்பு மரத்துப்போகுமாம், டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று கூச்சப்படாதீங்க. இந்த வராந்தாவில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். எவ்வளவு போனது, எவ்வளவு நின்றது. வேறு பேச்சே கிடையாது.

அதோ, கடைசி ஜன்னல் பக்கம் நடக்கிறாரே, நீலச் சட்டை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். செங்கோட்டுவேலு. இன்றைக்கு அவருக்கு ஊசி இல்லை. ஸ்கேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், முட்டியதும் பாத்ரூம் போக வேண்டும், போன கையோடு வந்து படுக்க வேண்டும். உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று மெஷினே சொல்லிவிடும். தண்ணீர் குடித்து அரைமணி நேரம் ஆகிறது. அதனால்தான் நடக்கிறார்.

அந்த மெஷின் என்ன சொல்லும் என்றுதான் எனக்குப் பயம். அதை அப்புறம் சொல்கிறேன்.

ரிக் வண்டி பார்த்திருப்பீங்க, போர் போடுகிற வண்டி. எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் ரிக்கில்தான் இருப்பார். இவர் டிரில்லர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வருசத்தில் பத்து மாதம் வடக்கே. அங்கே மழைக்காலத்தில் வண்டி ஊருக்கு வரும், ரெண்டு மாதம் வீட்டில் இருப்பார். அந்த ரெண்டு மாதத்திலும் பாதி நாள் வண்டி பட்டறையில் நிற்கும், இவரும் பட்டறையில் நிற்பார். கல்யாணமாகிப் பதினெட்டாம் நாள், சந்தைக்குப் போகிறேன் என்று போனவர் கட்டின வேட்டியோடு வண்டி ஏறிவிட்டார். ஆள் குறைந்துவிட்டதாம். நாக்பூரிலிருந்து போன் வந்தது. இருபத்திநாலு வருசம் இப்படி. எனக்கு அதொன்றும் பெரிசில்லை. பழகிவிட்டது. ஒரே பெண், அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு தனியாகத்தான் இருந்தேன், நன்றாகத்தான் இருந்தேன். ராத்திரிக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டால் காலையிலும் அதுதான். யாரும் கேட்க மாட்டார்கள்.

மாசி மாதம் பிலாஸ்பூர் பக்கத்தில் பைப் மாட்டும்போது கயிறு அறுந்து, பைப் வந்து முதுகில் இறங்கிவிட்டது. போனில் மேனேஜர், "அக்கா, ஒண்ணுமில்ல, உசுரு இருக்குது" என்றார். அந்த ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் எந்தப் போன் அடித்தாலும் எனக்கு அதுதான் கேட்கிறது.

அங்கேயே ஆபரேஷன் செய்து நரம்பை நசுக்கின எலும்பை எடுத்துவிட்டார்கள். கால் வந்துவிட்டது. மூத்திரம் வரவில்லை. வயிறு பானை மாதிரி முட்டும், இவருக்கு முட்டுவதே தெரியாது. ஊருக்குக் கொண்டுவந்ததும் உள்ளூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா எனக்கு மூத்திர டியூப் விடக் கற்றுக்கொடுத்தார். காலை ஆறு, பகல் பதினொன்று, சாயங்காலம் நாலு, ராத்திரி ஒன்பது. நாலு வேளை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஜெல்லி தடவ வேண்டும், அவசரப்படாமல் விட வேண்டும். முதல் நாள் நான் அவசரமாக விடப் போனதும் இவர், "பொறுமையாப் போ, இது ஐந்நூறு அடி போர் இல்ல" என்றார்.

நாலு வேளையும் பெரிய ரோதனை அக்கா. எங்கேயும் போக முடியாது, எந்த விசேசத்துக்கும் போக முடியாது. ஒவ்வொரு தடவையும் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அளவு ஜக்கில் வடிகிற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா, இவர் ஏதாவது பேசுவார். பஸ்தரில் எழுநூறு அடி போயும் புகைதான் வந்தது, அந்த ஊர்க் கிழவர் அழுதார் என்று சொல்வார். ஒரு ஊரில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் பெண்கள் எல்லாம் இவர்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்களாம். எந்த ஊர், எத்தனை பெண்கள் என்று கேட்டேன். "வடியுது பாரு, ஜக்கைப் பாரு" என்றார். எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று ஒருநாள் கேட்டார்.  இருபத்திநாலு வருசத்தில் யாரும் கேட்காத கேள்வியைத் திடீரென்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பதினொரு மணிக்கு ஜக்கு நிரம்பிக் கீழே வழிந்துவிட்டது. அப்படி ரோதனை.

இந்த ஆஸ்பத்திரியைப் பற்றிப் பெண்தான் விசாரித்துச் சொன்னாள். டாக்டர் மெர்லின், நாகர்கோவில்காரப் பெண். உங்களிடமும் பேசியிருப்பாரே. "இந்தக் கரண்ட் ஊசி எல்லாருக்கும் கேக்கும்னு நான் சொல்லமாட்டேம்மா. சிலருக்குக் கேக்குது, சிலருக்கு இல்ல. எட்டு வாரம் பாப்போம். டியூபை மட்டும் நீங்களா நிறுத்தப்பிடாது" என்றார். பேஸ்மேக்கர் உண்டுமா என்று கேட்டார். பிறகு ஒரு நோட்டைக் கொடுத்தார். ரெண்டு கட்டம். தானாகப் போனது எத்தனை மில்லி, அப்புறம் டியூப் விட்டு எடுத்தது எத்தனை மில்லி. நாலு வேளையும் எழுத வேண்டும். நூறுக்குக் கீழே மிச்சம் நின்றால் டியூப் வேண்டாம். மேலே நின்றால் அது கிட்னிக்குத் திரும்பும்.

கரண்ட் என்றால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆகாது. எங்கள் அண்ணனை மோட்டார் ரூமில் கரண்ட்தான் எடுத்தது. அதனால் ரெண்டாம் நாள் என்னை உள்ளேயே விட்டார்கள். இவர் குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே, பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, நாலு ஊசி. முடி கனம்தான் இருக்கும், ஆனால் நீளம். அதில் கிளிப் மாட்டி ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகினார்கள். பேட்டரிப் பெட்டி. டாக்டரம்மா குமிழைத் திருகத் திருக, ஊசியைச் சுற்றிச் சதை துடித்தது. "எப்படி இருக்கு அண்ணே?" "ஓடற கம்ப்ரசர் மேல உக்காந்தாப்பல இருக்குதுங்க." "வலிக்குதா?" "பழக்கமான ஆட்டந்தானுங்க." இவர் படுத்துக்கொண்டு ஜோக்கு அடிக்கிறார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ரெண்டு வாரம் ஒன்றும் இல்லை. தானாகப் போனது பூஜ்யம், டியூபில் நானூற்றைம்பது. மூன்றாம் வாரம் ஒருநாள் பாத்ரூமிலிருந்து, "சாந்தா" என்று ஒரு சத்தம். விழுந்துவிட்டார் என்று ஓடினேன். கையில் மக்கை வைத்துக்கொண்டு நிற்கிறார். அடியில் கொஞ்சம். எண்பது மில்லி. கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு. அதற்குப் பிறகு நூற்றிருபது, இருநூறு என்று ஏறியது. டியூபில் வருவது இறங்கியது.

இதோ வருகிறார், கொஞ்சம் இருங்க.

"இன்னும் இல்லீங்களா?"

"வரும் வரும். வண்டி சூடாவோணுமில்ல. என்ன அக்கா, இவ என் மூத்திரத்தையே பேசிட்டிருக்கறாளா? எங்கூர்ல பால்காரருக்குக் கூட மில்லிக் கணக்குத் தெரியுமுங்க."

"நீங்க நடங்க."

பார்த்தீங்களா, இப்படித்தான். மெலிந்துவிட்டார், ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. நடுவில் அதுவும் குறைந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாலாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, மேனேஜர் போன் செய்தார். டியூப் விட்டுக்கொண்டிருந்தேன், அதனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "அண்ணா, புரட்டாசியில வண்டி கெளம்புது. உங்க எடத்தை யாருக்கும் குடுக்கலை. அதே வண்டி, புதுக் கயிறு." இவர், "பாக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நான் போவல சாந்தா. சரியாச்சுன்னா இங்கயே ஏதாச்சும் பட்டறையில ஒக்காந்துக்கறேன்" என்றார்.

அக்கா, இருபத்திநாலு வருசத்தில் 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டு அவர் போகாமல் இருந்தது ஒரு தடவை கூடக் கிடையாது. 'போவல' என்று சொன்னதும் நாலைந்து தடவை உண்டு. அப்போதும் போயிருக்கிறார்.

அதே வண்டி. புதுக் கயிறாம்.

அன்றைக்கு டியூபில் வந்தது நூற்றிப் பத்து. நோட்டில் முந்நூற்றிப் பத்து என்று எழுதினேன். ஒன்றை மூன்றாக்குவது பெரிய வேலையா? எழுத்துதானே, உடம்புக்குள்ளேயா போகப்போகிறது என்று நினைத்தேன். டியூப் விடுகிற ஆள் ரிக்கில் ஏற முடியாது. அங்கே தூசியும் மண்ணும், கை கழுவக்கூடத் தண்ணீர் கிடையாது, தண்ணீர் தேடித்தானே போகிறார்கள். நூறுக்குக் கீழே எழுதினால்தான் ஏறுவார். புரட்டாசி தாண்டட்டும், அப்புறம் சரியாக எழுதிக்கொள்ளலாம். அவர் உயிருக்காகத்தான் செய்தேன். எனக்காக ஒன்றுமில்லை. நான் தனியாக இருந்து பழகினவள், சொன்னேனே.

அவருக்குத் தெரியாது. மக்கை என்னிடம் கொடுப்பார், நான்தான் ஜக்கில் ஊற்றி அளவு பார்ப்பேன். டியூபில் வடிகிறபோதும் ஜக்கு கட்டிலுக்குக் கீழே என் பக்கம்தான் இருக்கும். "இன்னிக்கு நல்லாப் போனாப்பல இருந்துச்சே" என்பார். "தொண்ணூறுதானுங்க" என்பேன். "அவ்வளவுதானா?" "அவ்வளவுதானுங்க." குழாயைத் திறந்து ஜக்கைக் கழுவிக்கொண்டே சொல்வேன், அவர் முகம் தெரியாது.

அஞ்சாம் வாரம் டாக்டரம்மா ஊசியை இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போட்டார், நேரத்தைக் கூட்டினார்.  நல்லாப் போகிற ஆளுக்கு இன்னும் கரண்ட் வைக்கிறார்களே, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க கரெக்டா எழுதுறதுனாலதாம்மா எங்களுக்கு முடிவெடுக்கச் சுளுவா இருக்கு. பாதிப் பேரு எழுதவே மாட்டாங்க" என்றார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

ஆறாம் வாரம் இவர் பேச்சைக் குறைத்துவிட்டார். டியூப் விடும்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பஸ்தரும் இல்லை, ராஜஸ்தானும் இல்லை. ஒருநாள் பதினொரு மணிக்கு, "டியூப் விடாமயே இருந்தா எத்தனை நாள்ல முடியும்?" என்று கேட்டார். எது முடியும் என்று கேட்டேன். "சும்மா கேட்டேன்" என்றார். வைத்தியத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ள ஆசை அவருக்கு. போர் போடுகிறவர்களுக்கே எத்தனை அடி, எத்தனை நாள் என்று கேட்கிற பழக்கம்.

ஏழாம் வாரம் மூத்திரம் டீ டிகாஷன் கலரில் வந்தது. அளவும் குறைந்துவிட்டது. சாயங்காலம் குளிர் எடுத்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போட்டும் பல் தாளம் போட்டது. ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே கிருமி, கிட்னி வரைக்கும் போயிருக்கிறது, தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். குடிக்கிறாரே, நான்தானே ரெண்டு மணிக்கு ஒரு செம்பு கொடுக்கிறேன் என்றேன்.

வீட்டில் அவர் கட்டிலோரம் ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ஆவணி வெயிலில் தெருவே காய்கிறது, அதன் அடியில் மட்டும் சேறு. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது அக்கா. நான் கொடுத்த செம்பையெல்லாம் அதில் ஊற்றியிருக்கிறார். தண்ணீர் குடிக்காவிட்டால் மிச்சம் குறையும், நோட்டில் நம்பர் இறங்கும் என்று. ஏங்க இப்படிப் பண்ணினீங்க என்று கேட்டேன். காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல், "முந்நூறு எறங்கவே மாட்டேங்குது சாந்தா" என்றார்.

பத்து நாள் ஊசி, மாத்திரை. பிழைத்துக்கொண்டார். நான் அந்தப் பத்து நாளும் தூங்கவில்லை.

பிறகு சரியாக எழுத ஆரம்பித்திருக்கலாமே என்று நீங்க நினைக்கிறீங்க. முகத்திலேயே தெரிகிறது. எப்படி எழுதுவது? நேற்று முந்நூற்றிருபது, இன்றைக்கு நாற்பது என்று எழுதினால் டாக்டரம்மா விடுவாரா? அதனால் ஒரு கணக்குப் போட்டேன். நாளைக்கு இருபது இருபதாக இறக்குவது. படியில் இறங்குகிற மாதிரி. முந்நூறு, இருநூற்றி எண்பது. அவருக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது. நேற்று இருநூற்றி அறுபது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் நானே கொண்டுவந்து சேர்த்திருப்பேன். முந்தாநாள் டாக்டரம்மா, எட்டு வாரம் முடிந்தது, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். முன்னேற்றம் போதவில்லை என்றால் ஆபரேஷன் டாக்டரிடம் அனுப்புவாராம். தொப்புளுக்குக் கீழே ஓட்டை போட்டு நிரந்தரமாக டியூப். இவர், "சரிங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 

அதோ பாத்ரூம் போகிறார். பார்த்தீங்களா, வேகமாகப் போகிறார்.

காலையிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். பஸ்ஸில் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், கூட்டம். இறங்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், அவர் முன்னால் நடந்துவிட்டார். தண்ணீர் குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னிக்கு எவ்வளவு இருக்கும்னு நெனைக்கறே?" என்றார். நான் டம்ளரை வாங்கிப் பையில் வைத்தேன். உங்களிடம் சொல்ல வருகிறது, அவரிடம் வரவில்லை. இது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

ஸ்கேன் ரூமுக்குள் போய்விட்டார். என்னையும் கூப்பிடுகிறார்கள். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.

*

பையைக் குடுங்க அக்கா. இல்லை, உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன்.

முப்பத்தெட்டு.

ஸ்கேன் டாக்டர் சொன்னதும் மெர்லின் டாக்டரம்மா இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் முப்பத்தெட்டு. டாக்டரம்மாவுக்கே சந்தோசம் தாங்கவில்லை. அப்புறம் நோட்டைப் பிரித்தார். "நேத்து இருநூத்தி அறுபதுன்னு இருக்கே. ஒரே நாள்ல இப்படி எறங்காது. மெஷின் தப்பா, நோட்டு தப்பா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் அக்கா.

இவர் வயிற்றில் தடவின பசையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "நோட்டு நான் எழுதறதுங்க மேடம். கண்ணாடி இல்லாம எழுதிப்போட்டேன்" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அத்தனை பக்கமும் என் கையெழுத்து, அவருக்குத் தெரியும். எட்டு வாரமாக நான் இங்கே உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்கிறவர்.  "டியூப் இனிமே ஒரு வேளை போதும் அண்ணே. ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பாத்துட்டு அதையும் விட்டுரலாம்" என்று சொல்லிவிட்டு, நோட்டை இவர் கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை.

இவர் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நாலாம் வாரத்துக்கு வந்ததும் நின்றார். வியாழக்கிழமை. மேனேஜர் போன் செய்த நாள் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? விரலை அந்த முந்நூற்றிப் பத்தின்மேல் வைத்தார். மூடினார்.

"ஏனுங்க" என்றேன்.

சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். திட்டுவார் என்று நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன், இதுவரை அடித்ததில்லை, அது வேறு விசயம். "நான் முன்னால போறேன். நீ அந்த அக்காகிட்டப் பேசிட்டு வா" என்றார். கோபமாக இல்லை. வெளியாளிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். 

எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை அக்கா. வண்டி போன வாரமே ராய்ப்பூருக்குக் கிளம்பிவிட்டது, மிச்ச ஆட்கள் எல்லாம் ரயிலில்தான் போய்ச் சேர்கிறார்கள். கையில் பை இல்லையே என்று பார்க்கிறீங்களா? பையா அவருக்கு ஒரு பொருட்டு?

போக மாட்டார். போவல என்று சொன்னாரே. சொன்னார்தானே. நான்தான் நம்பவில்லை.

இந்த ஜன்னலில் வந்து பாருங்க அக்கா, கொஞ்சம் வாங்க. அதோ, மருந்துக்கடை தாண்டி, நீலச் சட்டை. கேட்டுக்குப் போய்விட்டார். இடது பக்கம் போனால் எங்கள் ஊர் பஸ். வலது பக்கம் ரயில் ஸ்டேஷன். எனக்குக் கண்ணை மறைக்கிறது, சரியாகத் தெரியவில்லை.

எந்தப் பக்கம் திரும்பினார் அக்கா?